முயல் எண் இரண்டுக்குத் தீனி

ஜனவரி 8

இந்த டைரி அப்பாவின் தீவனக் கடைக்குத் தாது உப்பு கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மாடு வளர்ப்பவர்களுக்கு ஓர் அறிவுரை அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைய அறிவுரை, கறவை மாட்டுக்கு எந்நேரமும் குடிதண்ணீர் இருக்க வேண்டும் என்பது. இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. எனக்குக் கோபம்.

மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கும் நான், இந்தக் கடைசி செமஸ்டரில் மைனர் பாடமாக மருந்தியல் படிக்கப் போகிறேன். மைனர் பாடம் என்றால் நம் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைப் படித்தே தீர வேண்டும், அதில் தேறினால்தான் பட்டம் என்று ஓர் ஏற்பாடு. நேற்றுக் காலை பத்து மணிக்கு இணையதளம் திறந்தது. அதே பத்து மணிக்குக் கடை வாசலில் பருத்திக்கொட்டை லோடு வந்து நின்றது. மூட்டைகளை இறக்கி முடித்து ஃபோனைக் கையில் எடுத்தபோது யோகா நிரம்பியிருந்தது. காளான் வளர்ப்பு நிரம்பியிருந்தது. மருந்தியலில் ஒரே ஒருவர் சேர்ந்திருந்தார், மற்ற இடமெல்லாம் காலி.

ஜனவரி 20

அந்த ஒரே ஒருவர் முகிலரசு. தமிழ் இலக்கியம் படிக்கிறவன். தானாக விரும்பிச் சேர்ந்தானாம். ஏன் என்று கேட்டேன். "கூட்டம் வராதுன்னு தெரியும். ஒக்காந்து கவிதை எழுதலாம்" என்றான். அறுபது பேர் உட்காரும் அறையில் நாங்கள் இரண்டு பேர், எதிரே டாக்டர் தெய்வசிகாமணி சார். ஒரு மருத்துவக் கல்லூரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்லூரியின் மருந்தியல் துறை என்பது அவரும் அவருடைய குடையும்தான்.

சார் மைக்கில் பாடம் நடத்துகிறார். ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மேசை, மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குள் ஒரு முயல். உயிருள்ள பிராணிகளை வைத்து மாணவர்கள் பரிசோதனை செய்யக் கூடாது என்பதால், சாரின் பழைய மாணவர் ஒருவர் பெங்களூரிலிருந்து இந்த மென்பொருளை எழுதி அனுப்பியிருக்கிறார். திரையில் வெள்ளை முயல் பக்கவாட்டில் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டே இருக்கிறது. கண்ணில் மருந்து விட்டால் கண்மணி விரியும், சுருங்கும். மில்லிமீட்டரில் அளந்து வரைபடம் போட வேண்டும். தினமும் 'தீனி' என்ற பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் முயல் வாடும்.

"தப்பு பண்ணிட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கலாங்களா சார்?" என்று கேட்டேன்.

"நிஜ முயல்ல ஆரம்பிக்க முடியுமாம்மா? ஒரு செமஸ்டருக்கு ஒரு முயல். அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கேன்."

ஜனவரி 27

மருந்தியல். தூக்கம். மைக் சத்தத்தில் சரியாகத் தூங்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 5

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்திருப்பதை இன்று வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"நம்ம காலேஜுலயே பக்கத்து பில்டிங்ல பி.எட். இருக்குதல்ல அம்முணி."

"எனக்கு வாத்தியார் வேலை வேண்டாங்கப்பா."

"காத்தால போனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்தர்லாம். கண்ணுக்கு முன்னால இருப்பே."

சாப்பாடு முடியும்வரை இதுவே ஓடியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாப் பாடமும் ஒரே மூச்சில் தேறினால் ஹைதராபாத். ஒன்றில் கோட்டைவிட்டாலும், அதைத் துணைத் தேர்வில் எழுதி முடித்துவிட்டு பி.எட். அவர் அதைச் சொல்லும்போது, ஒன்றாவது விட்டுவிடுவேன் என்ற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. சென்னியப்பன் தீவனக் கடை முதலாளிக்குக் கணக்கு வரும். ஆனால் என் கணக்கு அவருக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் ஒரு பாடத்தில்கூட எண்பதுக்குக் கீழே நான் வாங்கியதில்லை.

பிப்ரவரி 12

முதல் பரிசோதனை. அட்ரோபின் என்ற மருந்தை முயலின் வலது கண்ணில் விட்டோம். கண்மணி ஆறு மில்லிமீட்டரிலிருந்து மெல்ல மெல்ல விரிந்து எட்டரைக்குப் போனது. இடது கண் அப்படியே இருந்தது. இடது கண்ணை எதற்குச் சும்மா விட வேண்டும் என்றால், ஒப்பிட்டுப் பார்க்கத்தானாம். ஒரு கண்ணுக்கு இன்னொரு கண்ணே சாட்சி. இது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. நியாயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இரவு சாப்பிடும்போது இதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியதாக அம்மா சொல்கிறாள். அவ்வளவு நேரம் இருக்காது. பெரியப்பா கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அன்று முழுக்க வெயிலைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தாரே, அது ஏன் என்று விளக்கினேன். அந்தக் கதையே கொஞ்சம் நீளம்.

பிப்ரவரி 19

முயல் செத்துவிட்டது.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டக் கூட்டக் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று வரைபடம் போடுவதுதான் இன்றைய வேலை. முதலில் கோடு சரசரவென்று ஏறியது. பிறகு சாய்ந்து, கிட்டத்தட்ட தட்டையானது. சார் டீ குடிக்கப் போயிருந்தார். முகிலரசு ஜன்னலைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு சந்தேகம். கோடு உண்மையிலேயே தட்டையாகிவிட்டதா, இல்லை தட்டையாவது போல் நடித்துக்கொண்டு மேலே போகிறதா? கணிதத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். அளவை முடிவிலிக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் முடிவிலியைத் தட்ட முடியாது என்பதால், இடம் கொள்ளும்வரை ஒன்பதாகத் தட்டினேன்.

முயல் மூக்கைச் சுருக்குவதை நிறுத்தியது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் 'விலங்கு இறந்துவிட்டது' என்று வந்தது. எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. கண்மணி மட்டும், கோடு சாய்ந்த அதே பதினொன்றில் நின்றிருந்தது.

"கோடு தட்டைதான்" என்றேன்.

முகிலரசு நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றான். ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்படிச் செய்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 20

சார் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில முயலுக்கு ரத்தத்துலயே ஒரு நொதி உண்டு. அட்ரோபினை உடைச்சுப் போட்டுரும். லேசுல சாகாது. இதுக்கும் அந்த நொதி வெச்சுத்தான் எழுதச் சொன்னேன். அதையே கொன்னிருக்கியேம்மா நீ."

"படந்தானேங்க சார்."

சொன்ன உடனே தப்பு என்று தெரிந்துவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"மருந்து படிக்கறவ கையில நாளைக்கு நிஜ நோயாளி வருவான். அவனும் உன் முன்னால காகிதமாத்தான் வருவான். வயசு, எடை, ரத்த அழுத்தம், எல்லாம் நம்பர். அப்பவும் படந்தானேன்னு சொல்லுவியா?"

நான் புள்ளியியல் படிக்கப் போகிறவள், என் கைக்கு எந்த நோயாளியும் வரமாட்டான் என்று பதில் இருந்தது. சொல்லவில்லை. விதிப்படி விலங்கு நல நெறிக் குழுவைக் கூட்டி விசாரிக்கப் போகிறாராம். குழு ஒப்புக்கொண்டால்தான் அடுத்த முயலைத் திறக்க முடியும். அடுத்த முயல் வந்தால்தான் மீதிப் பரிசோதனைகள். அவை முடிந்தால்தான் செய்முறைத் தேர்வு. தேர்வு இல்லை என்றால் நான் பக்கத்து பில்டிங்கில் பாடம் நடத்தப் பழகிக்கொண்டிருப்பேன்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 26

விசாரணை.

குழுவில் நான்கு பேர். கல்லூரி முதல்வர், சார், அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் ரெஜினா மேடம், பொதுமக்கள் பிரதிநிதியாக நாச்சிமுத்து. விஞ்ஞானி அல்லாத ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. நாச்சிமுத்து நிச்சயமாக விஞ்ஞானி இல்லை. மூன்று ஷெட் போட்டு பிராய்லர் கோழிப் பண்ணை நடத்துகிறார். அப்பாவிடம்தான் தீவனம் வாங்குகிறார். என்னைப் பார்த்ததும், "அட, சென்னியப்பன் பிள்ளை" என்றார். போச்சு, இன்று சாயங்காலமே வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

முதல்வர் சீக்கிரம் முடித்துவிடப் பார்த்தார். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இறந்த உடலைத் தொந்தரவு செய்யக் கூடாது சார்" என்றார் தெய்வசிகாமணி சார்.

ரெஜினா மேடம் உடலைப் பார்க்க வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது பக்கம் தெரியவில்லை, திருப்பிக் காட்டுங்கள் என்றார். முயலைத் திருப்ப வழியில்லை. மானிட்டரைத் திருப்பினார்கள். மேடம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

"தண்ணி மாத்துனீங்களா? தீனி என்னங்க குடுத்தீங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"பட்டன்ல வர்ற தீனிதானுங்க."

"அப்ப அதைச் சோதனைக்கு அனுப்போணும்" என்று தலையாட்டினார். "இருந்தாலும் சார், என்ற ஷெட்டுல தெனோம் நாலஞ்சு போவும். நாங்க ஒரு நாளும் கூட்டம் போட்டதில்லீங்க."

"அதனாலதான் உங்களைக் குழுவுல போட்டிருக்கு" என்றார் சார். நாச்சிமுத்து இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஏன் செய்தாய் என்று என்னைக் கேட்டார்கள். கரும்பலகையில் வரைபடம் போட்டு, கோடு தட்டையாவதை நிரூபிக்க அளவை முடிவிலிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விளக்கினேன். என்னைப் பொறுத்தவரை நன்றாகவே விளக்கினேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து கையைத் தூக்கினார்.

"அம்முணி, முடிவிலின்னா ஒரு எத்தனை கிலோ வரும்?"

பதில் சொல்லத் திரும்பினேன். திரையில் அந்தக் கண் திறந்தபடியே இருந்தது. சரியான விடை தெரிந்தும் வாய் திறக்காதது எனக்கு இதுவே முதல் தடவை.

தீர்ப்பு: இறப்புக்குக் காரணம், விலங்கை எண் என்று நினைத்தது. புதிய முயலுக்கு அனுமதி உண்டு. அதற்கு முன் பழைய முயலை விதிப்படி அடக்கம் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 28

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பி.எட்.க்கு ஃபாரம் எப்பக் குடுக்கறாங்களாம்?" கேட்டுவிட்டு மோரை முழுசாகக் குடித்தார்.

மார்ச் 1

அடக்கம். இரண்டடிக் குழி, சுண்ணாம்பு, எல்லாம் விதிப்படி. திரையில் இருப்பதை எப்படிப் புதைப்பது என்று காலையிலிருந்து பேசி, கடைசியில் படத்தை அச்செடுத்துப் புதைப்பதென்று முடிவானது. கலரில் எடுக்க வேண்டும் என்றார் சார். வெள்ளை முயலுக்குக் கலர் எதற்கு என்றார் முதல்வர். கண் சிவப்பு என்றார் சார். கலரிலேயே எடுத்தார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குழி. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். முகிலரசு ஐந்து வெண்பா படித்தான். ஒன்றில் தளை தட்டுகிறது என்று படித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி மன்னிப்புக் கேட்டான். மண்ணை நான் தள்ள வேண்டும் என்றார்கள். சுண்ணாம்பு பறந்து கண்ணில் விழுந்துவிட்டது. அதனால்தான் கண் சிவந்திருந்தது. அம்மா நம்பவில்லை.

மார்ச் 5

முயல் எண் இரண்டு வந்துவிட்டது. பழையதைப் போலவேதான் இருக்கிறது, ஆனால் காதுகளில் ஒன்று கொஞ்சம் மடிந்திருக்கிறது. உடனே பரிசோதனை செய்ய முடியாது. புதிதாக வரும் விலங்கைப் பதினைந்து நாள் தனிமையில் வைத்துக் கவனித்த பிறகுதான் தொட வேண்டும். கடைசி நாள் பத்தொன்பதாம் தேதி. இருபதாம் தேதி செய்முறைத் தேர்வு. மீதிப் பரிசோதனைகளையும் தேர்வு அறையிலேயே வெளித்தேர்வாளர் முன்னால் செய்துகொள்ள சார் அனுமதி வாங்கிவிட்டார்.

தினமும் தீனி வைத்து, கண், மூக்கு, நடமாட்டம் பார்த்து எழுத வேண்டியவர் முதல் முயலின் இறப்புக்குப் பொறுப்பானவர். அதாவது நான். ஒரு நாள் தவறினால் பதினைந்து நாளும் முதலிலிருந்து.

"ஒரு நாள் நீங்க அமுக்கக் கூடாதுங்களா சார்?"

"விசாரிச்சவன் பராமரிக்கக் கூடாதும்மா. நாளைக்குக் குழு மேல சந்தேகம் வரும்."

யாருக்கு வரும் என்று கேட்கவில்லை.

மார்ச் 7

தீனி எடுத்தது. கண் தெளிவு.

மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்தேன். தீனி எடுத்தது. கண் தெளிவு. அறை புழுக்கமாக இருந்ததால் ஃபேனை ஓடவிட்டு வந்தேன். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாதல்லவா. அதற்காகத்தான்.

முகிலரசுக்கு அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு, தானும் தனிமையில் இருப்பதாக முயலிடம் சொல்லச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.

மார்ச் 10

ஹைதராபாத் நுழைவுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பதினான்காம் தேதி. பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் ஈரோட்டில் ரயில் ஏறினால், பதினைந்தாம் தேதி மத்தியானம்தான் திரும்ப முடியும். ரயில் தாமதமானால் அன்றைக்கும் ஆய்வகம் பூட்டியிருக்கும். மூன்று நாள் தீனிக்கு ஆளில்லை.

தேர்வுக்குப் போனால் முயல் பட்டினி, தனிமை முதலிலிருந்து, இருபதாம் தேதி செய்முறைத் தேர்வு போச்சு, பட்டம் போச்சு. நேரத்துக்குப் பட்டம் இல்லாமல் ஹைதராபாத்தில் யார் சேர்ப்பார்கள்? போகாவிட்டால் ஹைதராபாத் நேராகவே போச்சு. இரண்டு வழியும் பக்கத்து பில்டிங்குக்கே போகின்றன. ஒரு கம்ப்யூட்டர் பட்டனால் என் வாழ்க்கை முட்டுச்சந்தில் வந்து நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சாரிடம் போய் நின்றேன். நாளை அவசரக் கூட்டம்.

மார்ச் 11

அவசரக் கூட்டம் கால் மணி நேரம் நடந்தது. விலங்குகளுக்குத் தீனி வைத்து அனுபவமுள்ள, குழுவில் இல்லாத ஒருவரைத் தற்காலிகப் பராமரிப்பாளராக நியமிக்கலாம் என்று விதியில் இருக்கிறதாம். எனக்கு உயிர் வந்தது. நாச்சிமுத்து கையைத் தூக்கினார்.

"ஏனுங், இந்தப் பிள்ளையோட அப்பனே இருக்கறாரல்லங்க. இருபத்தஞ்சு வருசமாத் தீவனக் கடை. அவருக்குத் தெரியாத தீனியா?"

ரெஜினா மேடம் ஆமோதித்தார். முதல்வருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ஒருமனதாக நிறைவேறியது. அப்பாவைத் தவிர உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் சரி என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் மறந்துபோனால் போதும், அவர் ஆசைப்பட்டது நடந்துவிடும். பி.எட். ஃபாரம் ஏற்கெனவே டி.வி.க்கு மேலே இருக்கிறது.

நியமன உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா இரண்டு தடவை படித்தார்.

"முயல் படத்துக்குத் தீனி வெக்கோணுமா?"

"பட்டன அமுக்குனாப் போதுங்கப்பா. நாலு மணிக்குள்ள. நாலு மணிக்கு லேப்பைப் பூட்டிருவாங்க."

"மறந்துட்டா?"

"முதல்லருந்து எண்ணோணும். பரீட்சை போயிரும்."

"ஓ" என்றார். உத்தரவை மடித்துப் பேனா வைக்கும் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 12

ரயில். அம்மா துணைக்கு வருகிறாள். புளிசாதம், தயிர்சாதம், இன்னொரு புளிசாதம். காலையில் கடைசியாக நானே போய்த் தீனி வைத்தேன். நான் மூன்று நாள் வரமாட்டேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். யாரிடம் என்பது முக்கியமில்லை.

மார்ச் 13

ஹைதராபாத். அம்மாவின் சித்தப்பா மகள் வீட்டில் தங்கியிருக்கிறோம். மதியம் அப்பாவுக்கு ஃபோன்.

"வெச்சீங்களாப்பா?"

"ஆச்சு." அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்புள்ள, அது என்ன எடை இருக்கும்?"

"தெரியலீங்கப்பா. ரெண்டு கிலோன்னு போட்டிருக்கும்."

"பட்டன்ல ஒரே காஞ்ச தீனிதான் வருது. பச்சையே இல்ல. அப்படி வளத்தா வயிறு கெட்டுப்போவும்" என்றார். கேலி செய்கிறார். இந்த மனிதரை நம்பித்தான் என் பட்டம் நிற்கிறது.

மார்ச் 14

தேர்வு நன்றாக எழுதினேன். அதனால் என்ன லாபம்?

வெளியே வந்து ஃபோனைப் போட்டால் முகிலரசின் மெசேஜ். 'இன்று மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நம் ஊர் முழுக்கக் கரண்ட் கிடையாது. முயல்?' அவன் வீட்டில் விசிறிமட்டையால் வீசிக்கொண்டு படுத்திருக்கிறானாம். கல்லூரி ஜெனரேட்டர் அலுவலகக் கட்டிடத்துக்கு மட்டும்தான். ஆய்வகத்தின் யு.பி.எஸ். பேட்டரி ஆண்டு விழாவில் மைக் செட்டுக்குப் போனது, திரும்பி வரவில்லை. கரண்ட் வருவது ஐந்துக்கு, ஆய்வகம் பூட்டுவது நாலுக்கு. இதற்கு வரைபடம் தேவையில்லை.

மணி மூன்று. அப்பாவைக் கூப்பிட்டேன். பின்னால் டடடடவென்று ஒரே சத்தம். அரவை மிஷினை ஓடவிட்டுக்கொண்டே பேசுகிறார்.

"கரண்ட் இல்லையாமேங்கப்பா?"

"ஆமா, இல்ல" என்று கத்தினார். "பரீட்சை எப்படி?"

"முயல் என்னாச்சுங்கப்பா?"

"என்ன? கேக்கல. அப்பறம் கூப்புடு சாமி." வைத்துவிட்டார்.

என் வாழ்க்கை போகிறது, அவருக்கு மாட்டுத் தீவனம் அரைக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் நான் கூப்பிடவில்லை. ரயிலில் மேல் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா சந்தோஷமாக இருப்பார். இருக்கட்டும். இந்தப் பக்கத்து அறிவுரை, சினை மாட்டை நெடுந்தூரம் ஓட்டிச் செல்லக் கூடாது என்கிறது.

மார்ச் 15

ஈரோட்டில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகக் கல்லூரி பஸ்ஸில் ஏறினேன். முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று சார் வாயால் கேட்டுவிட்டால் அதோடு நிம்மதி.

ஆய்வக வராந்தாவில் தரையெல்லாம் எண்ணெய்க் கறை. சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குப் புகை படிந்திருந்தது. உள்ளே சார் இருந்தார், நாச்சிமுத்து இருந்தார். திரையில் முயல் மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தது. நேற்றைய தேதிக்கு நேராக 'தீனி எடுத்தது' என்று பச்சையாக இருந்தது. இன்றைய தேதிக்கும்.

"கரண்ட் இல்லையேங்க சார்" என்றேன்.

நாச்சிமுத்துதான் சொன்னார். "காத்தால பத்து மணிக்கே உங்கப்பன் இங்க வந்து பாத்துட்டு நேரா என்ற பண்ணைக்கு வந்துட்டாரு. குஞ்சு ஷெட்டு ஜெனரேட்டர் வேணும்னாரு. குஞ்சுக்குச் சூடு காட்டோணும், குடுக்க முடியாதுன்னேன். அப்ப மத்தியானம் ஒரு மணி நேரம் குடுன்னு அங்கயே ஒக்காந்துட்டாரு. ரெண்டு மணிக்குக் கடை டெம்போவுல ஏத்தி, நாலு ஆளு வெச்சு எறக்கி, அது ஸ்டார்ட் ஆகறதுக்கே முக்கா மணி. அந்தச் சத்தத்துல பி.எட். காலேஜுல கிளாஸ விட்டுட்டாங்க."

"முதல்வர் வந்து சத்தம் போட்டார்" என்றார் சார். "உங்கப்பா பையிலருந்து நியமன உத்தரவை எடுத்துக் காட்டினார்."

அந்த டடடட சத்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாதபோது அரவை மிஷின் எப்படி ஓடும்? கணிதத்தில் எண்பதுக்குக் கீழே வாங்காதவள் நான். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை சுண்ணாம்பு இல்லை.

கடைக்குப் போனபோது அப்பா தவிட்டு மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க பேசாம விட்டிருந்தா நான் பி.எட். சேந்திருப்பேனல்லங்க."

ஊசியில் நூலைக் கோர்த்து முடித்தார்.

"அதுக்கோசரம்? வாயில்லாத சீவனப் பட்டினி போடறதா?" என்றார். "படமோ என்னமோ. தீனி வெக்கறேன்னு ஒத்துக்கிட்டு வெக்காம இருக்க முடியுமா?"

மார்ச் 19

பதினைந்து நாள் முடிந்தது. தீனி எடுத்தது. கண் தெளிவு. ரெஜினா மேடம் மானிட்டரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். அப்பாவும் வந்திருந்தார். நியமனம் முடிந்துவிட்டது என்று சார் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.

மார்ச் 20

செய்முறைத் தேர்வு. சேலத்திலிருந்து வெளித்தேர்வாளர் மேடம். முகிலரசு அம்மைத் தழும்போடு வந்திருந்தான். எனக்கு அட்ரோபின் வரைபடம் வந்தது. வேறு எது வரும்?

கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினேன். கோடு ஏறி, சாய்ந்து, தட்டையாக ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாமே?" என்றார் மேடம்.

"வேண்டாங்க மேடம்."

"ஏன்?"

"இதுக்கு மேல கண்ணு விரியாதுங்க. மத்த கெடுதலெல்லாம் நடக்கும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குடையைத் தேடினார். மழை எதுவும் இல்லை.

மே 26

ரிசல்ட். மருந்தியலில் எண்பத்தொன்பது. கணிதத்தைவிட இரண்டு மதிப்பெண் அதிகம். இதில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. முகிலரசும் தேறிவிட்டான். ஹைதராபாத் பட்டியலிலும் என் பெயர் இருக்கிறது. அங்கே இரண்டாம் வருடத்தில் மருந்துப் பரிசோதனைகளுக்கான புள்ளியியல் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். சும்மா பார்த்தேன். எட்டு தடவை.

வீட்டில் சொன்னேன். அம்மா சர்க்கரை டப்பாவைத் தேடினாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், ஆனால் அவர் வாயால் போ என்று வர வேண்டும். வரவில்லை.

மே 28

இன்றும் ஒன்றும் சொல்லவில்லை. டி.வி.க்கு மேலே பி.எட். ஃபாரம் அப்படியே இருக்கிறது. இரவு சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றிக்கொள்ளும்போது அப்பா கேட்டார்.

"அந்த ஊர் ஆஸ்டல்ல தீனியெல்லாம் எப்படி?"

"மெஸ் இருக்குதுங்கப்பா. மூணு வேளையும் போடுவாங்க."

"பச்சை, காய் எல்லாம் வெப்பாங்களா?"

"வெப்பாங்க."

ரசத்தை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். மோர் ஊற்றினாள் அம்மா. தட்டைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டார்.

"கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்குதான்னு கேட்டயா?"

கேட்கவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாக ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும்.